மேட்டுத் தெருவில் விசாரித்தேன்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கும் என் புருஷன் ஹேதிக்கும் அறுபதை நெருங்கும்போதுதான் அந்த வளை வாய்த்தது. அதுவரை துனிஸ் நகரத்தை ஒட்டிய பார்தோவில் வாடகை வீடு. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்ததும் நேரே வந்து, "கோடைக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க, லல்லா தலீலா" என்றார். லல்லா என்றால் எங்கள் ஊரில் அம்மணி. நான் ஒன்றும் கண்ணைக் கசக்கவில்லை. அந்தக் கட்டடத்தை விட்டு எப்போது ஒழிவோம் என்றுதான் இருந்தேன்.

காரணம் இருக்கிறது. ஹேதிக்கு நெஞ்சு வலி வந்த அன்று மனுஷர் மாடிப்படியில் சரிந்து கிடந்தார். எங்கள் ஒரே மகன் அனீஸ் இருப்பது பிரான்சில், லியோன் நகரத்தில். நான் ஓடிப்போய் மேல் வீட்டுக் கதவைத் தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை, டிவி சத்தம்தான் கூடியது. கடைசியில் தெருவோடு போன ஒரு டாக்ஸிக்காரர்தான் அவரைத் தூக்கி ஏற்றினார். பிழைத்தது அல்லாஹ் போட்ட பிச்சை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனி வீட்டைப் பார்க்க மாட்டேன், பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பேன் என்று. 'வீட்டுக்கு முன்னால் அண்டை வீட்டைப் பார்' என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லிவிட்டுச் சமையலறையில் என்ன டைல்ஸ் போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

தேடித் தேடி இரண்டு இடம் மிஞ்சியது. துனிஸுக்குத் தெற்கே கடலோரமாகப் போகும் ரயில் பாதையில் ராதெஸ், அதைத் தாண்டினால் எஸ்ஸஹ்ரா. நடுவில் மிலியான் ஆறு மட்டும். இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹேதி எஸ்ஸஹ்ரா கட்சி. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் அவர் ஒன்று சொன்னால் நான் வேறொன்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

"எஸ்ஸஹ்ரா உள்ளங்கை மாதிரி சமதளம், தலீலா. தெருவுக்குத் தெரு மர நிழல். ஸ்டேஷன் வாசல்லயே காப்பிக்கடை" என்றார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மேடு பள்ளத்திலேயே நிற்பார்.

"உங்களுக்கு வீடு வேணுமா, காப்பிக்கடை வேணுமா?"

"ராதெஸ்ல அந்த மேட்டை நீ பார்த்தியா? பாலும் ரொட்டியும் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நான் மௌத்தாகிடுவேன்."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. வாயை மூடிக்கொண்டு அவரோடு எஸ்ஸஹ்ரா போனேன். கெட்ட வீடு என்று சொல்ல முடியாது. தரைத்தளம், காற்று, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் பூக்கர்னின் மலை. எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஹேதியின் காப்பிக்கடைக்காரரிடமே விசாரித்தேன்.

"நல்லவங்கதான், லல்லா. காலையில போவாங்க, சாயங்காலம் வருவாங்க. ஒரு வம்பு கிடையாது."

"பேரு என்ன?"

அவர் யோசித்தார். "பேரு... அது கேட்டதில்லையே."

ரயிலில் திரும்பும்போது ஹேதிக்கு வாயெல்லாம் பல். "வம்பே கிடையாதாம். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

"பார்தோவுலயும் வம்பு கிடையாது. கதவு திறந்தாத்தானே வம்பு வரும்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்ஸஹ்ராவில் நல்ல தெருக்கள் எத்தனையோ இருக்கும். எனக்கு வாய்த்தது அந்த ஒன்று.

ராதெஸ் வீடு மேட்டுத் தெருவில். கீழே விலைக்கு வந்த வீடு, நீலக் கதவு, முற்றத்தில் ஓர் எலுமிச்சை. மாடி வேறொரு குடும்பத்துக்குச் சொந்தம். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருந்த கீழ் வீட்டு உரிமையாளர் தன் அண்ணன் தம்பிகளுக்குத் தெரியாமல் விற்கப் பார்த்தார். அதனால் தரகர் எனக்குக் கட்டளையே போட்டிருந்தார். "வீடு விலைக்கு வருதுன்னு தெருவுல மூச்சு விடக் கூடாது, லல்லா. விட்டீங்கன்னா வியாபாரம் கெட்டுச்சு."

சரி, வீட்டைப் பற்றித்தானே பேசக் கூடாது, மனுஷர்களைப் பற்றிப் பேசலாமே என்று நல்ல செருப்பும் நல்ல காதணியும் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். புது ஊரில் விசாரிக்கப் போகும்போது மரியாதையாக இருக்க வேண்டாமா?

முதலில் மளிகைக்கடை. கடைக்காரர் துஹாமி மாமா, பஞ்சு மீசை. "அந்த நீலக் கதவு வீட்டு மாடியில இருக்கறவங்க எப்படி?" என்று கேட்டேன்.

அவர் வெட்டிக்கொண்டிருந்த பாலாடைக் கட்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் கேக்கறீங்க?"

தரகர் பேச்சு ஞாபகம் வந்து சும்மா சிரித்தேன். அவர் என் காதணியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"பிள்ளைங்க எத்தனை, லல்லா?"

"ஒரே பையன். லியோன்ல இஞ்சினியர்." மகனைப் பற்றிக் கேட்டால் எந்தத் தாய்க்கு வாய் நிற்கும்?

"கல்யாணம்?"

"எங்க ஆச்சு? பேச்செடுத்தாலே ஃபோனை வெச்சுடறான்."

உடனே நாற்காலி வந்தது. குளிர்ந்த எலுமிச்சைச் சாறு வந்தது. ராதெஸ்காரர்கள் விருந்தாளியை எப்படித் தாங்குகிறார்கள் என்று பூரித்துப் போனேன்.

"அந்தக் குடும்பமா? தங்கம், லல்லா, தங்கம். அம்மா சல்வா அதிர்ந்து பேச மாட்டாங்க. பொண்ணு ரவுதா மருந்துக்கடையில வேலை பாக்குது. குனிஞ்ச தலை நிமிராது. மகன் ஒருத்தன், லாரி ஓட்டறான், கோவம்னா என்னன்னே தெரியாது."

ரொட்டிக்கடையில் கேட்டேன், இதே பாட்டு. எதிர்ச்சாரியில் தையல்கடை வைத்திருந்த ஷாத்லியா என்ற பெண்மணி மெஷினை நிறுத்திவிட்டு என்னை உட்கார வைத்தாள். "ரவுதா கையால ஒரு தடவை குஸ்குஸ் சாப்பிட்டுப் பாருங்க, வேற வீட்டுல உங்களுக்குச் சோறு இறங்காது. அந்த அம்மா என் கூடப் பிறந்தவ மாதிரி" என்றாள். எல்லோரும் ஏன் மகளைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கொஞ்சம் தோன்றியது. சமைக்கத் தெரிந்த பெண் மாடியில் இருந்தால் நமக்கும் ஒரு தட்டு வரும் என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஹேதியிடம் ராதெஸ்தான் என்று அறிவித்தேன். அவர், மேட்டை ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். தெரு முனையில் நின்று அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நீலக் கதவு மாடியிலிருந்து ஒரு குரல்.

"வெயில்ல ஏன் நிக்கறீங்க? மேல வாங்க. எங்க தெருவுக்கு வந்துட்டு எங்க வீட்டுக்கு வராமப் போறதா?"

சல்வா. ஹேதி என்னைப் பார்த்தார். நான் பெருமையாக அவரைப் பார்த்தேன். பார்த்தீரா, என் அண்டை வீட்டை!

மாடியில் சந்தனக்கட்டை புகைந்துகொண்டிருந்தது. ஜன்னலில் மடிப்புக் கலையாத புதுத் திரைச்சீலை. லாரி ஓட்டும் மகன் கழுத்தை நெரிக்கும் டையோடு கோடை வெயிலில் வியர்த்துக்கொண்டிருந்தான். மேசையில் பக்லாவா, பாதாம் வைத்து ரோஜாத் தண்ணீர் தெளித்த கஅக் வளையங்கள், தேனில் தோய்த்த சம்ஸா. ஹேதிக்கு இனிப்பைக் கண்டால் மனைவி மக்கள் மறந்துவிடும். கை நீட்டிவிட்டார். அப்போது உள்ளறையிலிருந்து ரவுதா தட்டில் சர்பத் எடுத்து வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். அன்று காலைதான் அழகு நிலையத்தில் சுருட்டிவிட்ட முடி. கொண்டுவந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் கிணுகிணுத்தன.

"பையன் எப்போ ஊருக்கு வர்றாரு?" என்று சல்வா மெதுவாகக் கேட்டாள்.

"ஆகஸ்ட்ல வருவான், இன்ஷா அல்லாஹ்" என்றார் ஹேதி, வாய் நிறையக் கஅக்கோடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் என்னைப் பெண் கேட்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்! அப்படித்தானே நினைப்பார்கள்? என் அக்கா மகன்களுக்காக நானே எத்தனை தெருவில் போய் நின்றிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நகை போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்து, கடை கடையாக ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரித்து, ஏன் என்று கேட்டால் சிரித்து, மகனைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறந்தால், எங்கள் நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுப் பைத்தியம் பிடித்து ஆட்டியதில் அது என் மண்டையில் ஏறவே இல்லை.

என் முகம் எப்படிப் போனதோ, ரவுதா தட்டை வைத்துவிட்டு, "வாங்க, மொட்டை மாடியிலேர்ந்து கடல் தெரியும், காட்டறேன்" என்று என் கையைப் பிடித்து எழுப்பினாள். சல்வாவுக்கு ஒரே சந்தோஷம். மாமியாரும் மருமகளும் தனியாகப் பேசப் போகிறார்கள் அல்லவா.

மேலே கொடியில் போர்வைகள் காய்ந்தன. ரவுதா கடலைக் காட்டவில்லை.

"நீங்க எனக்காக வரல. இல்லையா?" என்றாள்.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "கீழ் வீட்டை வாங்கலாம்னு... யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, மகளே. அக்கம்பக்கம் எப்படின்னுதான் விசாரிச்சேன்."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, வாய் விட்டு. பிறகு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, என்னைக் காலா என்று, சின்னம்மா முறை வைத்துப் பேசினாள். "எனக்குக் கல்யாணம் ஆகலன்னு வருத்தமெல்லாம் வத்திப் போச்சு, காலா. முன்ன ஒருத்தன் மோதிரம் போட்டுட்டு இத்தாலிக்குப் போய் அங்கேயே கட்டிக்கிட்டான். அதையும் தாண்டி வந்துட்டேன். ஆனா இன்னிக்குப் போய் முடி பண்ணிக்கிட்டேன் பாருங்க. அதுதான் வெட்கமா இருக்கு."

பெற்ற மகளாக இருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன். யாரோ நான், ஒரு வீட்டுக்காக வந்து அவள் ஆசையைத் தட்டி எழுப்பிவிட்டவள். "என்னை மன்னிச்சுடு" என்றேன். அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது.

"நீங்க என்ன பண்ணுவீங்க? சரி, எங்களைப் பத்தி என்னதான் சொன்னாங்க உங்ககிட்ட?"

சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அம்மா அதிர்ந்து பேச மாட்டாங்களா? துஹாமி மாமா கடை வரைக்கும் கேக்கும் அவங்க சத்தம். தினமும் காதுல பஞ்சு வெச்சுக்கறேன்னு அவரே சொல்வாரு. என் தம்பிக்குக் கோவம் தெரியாதா? போன மாசம் ரொட்டிக்கடைக்காரர் வண்டிக் கண்ணாடியை உடைச்சிருக்கான். என் சமையலா? எனக்கு முட்டை பொரிக்க வராது, காலா. பேதி மருந்துன்னாத் தெரியும்."

"ஷாத்லியா சொன்னாளே, உங்கம்மா கூடப் பிறந்தவ மாதிரின்னு..."

"ஷாத்லியாவா?" அவள் நிமிர்ந்தாள். "அவளும் அம்மாவும் பேசி வருஷக்கணக்காச்சு. எங்க லாரி அவ வாசலை மறைக்குதுன்னு நகராட்சி வரைக்கும் போனவ அவ. பெருநாளைக்குக் கூட ஸலாம் கிடையாது. அவளா அப்படிச் சொன்னா?"

அவளுக்கே அது புதுச் செய்தி. எட்டி எதிர்ச்சாரித் தையல்கடையைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட நான் ராத்திரி சொல்லிக்கறேன்" என்றாள் பிறகு. "ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. உடனே எழுந்து போயிடாதீங்க. எல்லாத்துலயும் ஒண்ணு எடுத்துச் சாப்பிடுங்க. விடிய விடிய உக்காந்து செஞ்சிருக்காங்க."

கீழே இறங்கிப் போய் எல்லாவற்றிலும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். எதன் ருசியும் தெரியவில்லை. சல்வா என் கன்னத்தில் முத்தமிட்டு வழியனுப்பினாள்.

ரயிலில் விஷயத்தைச் சொன்னதும் ஹேதி தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் வாத்தியார் புத்தி வேலை செய்தது. "அப்போ உன் விசாரணை முழுக்கப் பொய். பெண்ணைப் பெத்த வீட்டுக்காகத் தெரு சொன்ன பொய். கத்தற அம்மா, கண்ணாடி உடைக்கற பையன், மறைச்சு நிக்கற லாரி, அதுக்கு மேல மேடு. எஸ்ஸஹ்ராவுல அந்தாளு உண்மையாவது சொன்னான். நாளைக்கே முன்பணம் குடுத்துடலாம்."

கல்யாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம் என்று பெரியவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் சொன்னார்கள். நான்தான் அதை நம்பி வீடு வாங்கப் பார்த்தேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. மற்றவர்களை விடுங்கள், ஷாத்லியா ஏன் சொன்னாள்? பிடிக்காத வீட்டைக் கெடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வாயைக்கூடத் திறக்க வேண்டாம். "எனக்குத் தெரியாதும்மா" என்று உதட்டைப் பிதுக்கினாலே போதும், கேட்க வந்தவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். இப்படி உதடு பிதுங்கியதால் நின்று போன கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் ஹேதி முகம் கழுவப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டேன். மேட்டுத் தெருவில் மாடியை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாவிட்டாலும் பார்த்தேன். சல்வா ஸ்டூலில் ஏறிப் புதுத் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டாள். ஸலாம் சொல்லவில்லை. நியாயம்தான்.

ஷாத்லியா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். "வாங்க, வாங்க. தேதி குறிச்சாச்சா?"

நான் தரகர் போட்ட கட்டளையை மறந்து உள்ளதைச் சொன்னேன். அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீடு பாக்கவா வந்தீங்க? அப்போ நாங்க இத்தனை பேரும் சும்மாவா பொய் சொன்னோம்?" என்றாள். "குஸ்குஸ் பத்தி வேற சொல்லித் தொலைச்சேனே. மறுமையில அதுக்கு வேற கணக்குச் சொல்லணும்."

"அது சரி, ஏன் சொன்னீங்க? அவங்கம்மாவோட உங்களுக்குப் பேச்சே கிடையாதாமே."

"கிடையாதுதான். இப்பவும் கிடையாது. அந்த லாரியை எடுக்கற வரைக்கும் அவ முகத்துல முழிக்க மாட்டேன்."

"அப்புறம்?"

நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டது போல அவள் என்னைப் பார்த்தாள். "சண்டை அவ அம்மாவோட. ரவுதா எங்க தெருப் பொண்ணு. நீங்க எதிர்ல நின்னு கேக்கறப்போ நான் என் லாரிக் கதையா பேசுவேன்? ரொட்டிக்கடைக்காரன் கண்ணாடிக் காசைக் கேட்டு வாரா வாரம் அந்தப் பையனோட கட்டிப் புரள்றான். அவனும்தான் நல்லவன்னு சொன்னான்."

யாரும் யாரோடும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதில்லை. துஹாமி மாமா அவர் கடையில், ரொட்டிக்காரர் அவர் கடையில், இவள் இங்கே. ஒருவருக்கும் அந்த வீட்டோடு சுமுகம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தி வந்து கேட்டதும் அவரவர் கடையில் இருந்தபடியே எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டார்கள். இதைத்தான் நான் தேடி அலைந்தேன். அது நான் கேட்ட கேள்விக்கு வந்த பதிலில் இல்லை. அவர்கள் சொன்ன பொய்யில் இருந்தது.

ஷாத்லியாவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்போ நீங்க வீட்டை வேண்டாம்னு போனீங்கன்னா, வந்தாங்க, சர்பத் குடிச்சாங்க, பொண்ணு பிடிக்காமப் போயிட்டாங்கன்னு அடுத்த தெருவே பேசும். இங்கேயே குடி வந்தீங்கன்னாத்தான் வீடு வாங்க வந்தவங்கன்னு ஆகும். யோசிச்சுப் பாருங்க, அக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

மறுபடியும் அந்தப் பெண்ணுக்காக.

தரகருக்கு அங்கிருந்தே ஃபோன் போட்டேன். வீடு திரும்பியபோது ஹேதி வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல சட்டை, கையில் எஸ்ஸஹ்ராவுக்கான முன்பண உறை.

"ராதெஸ் வீட்டைப் பேசி முடிச்சுட்டேன்" என்றேன்.

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நான் ஷாத்லியா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மனுஷர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது எங்கள் வீட்டில் நடக்காத அதிசயம். கேட்டு முடித்தும் பூகோளத்தை விடவில்லை.

"மேல் வீட்டம்மா உன்னோட ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க."

"பேச வேண்டாம்."

"அந்த மேடு, தலீலா. ஒரு நாள் ஏறும்போது நான் விழுந்துட்டா?"

"விழறதுன்னா அந்தத் தெருவுல விழுங்க" என்றேன்.